வெடிமருந்துகளும் தட்பவெப்ப நிலையும்

1757-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள், வங்காளத்தில் பாகீரதி நதிக்கரையிலுள்ள பிளாசியில் நண்பகல் வேளையில் பெருமழை பெய்தது. ஆங்கிலேயப் படையினர் தம் வெடிமருந்தைத் தார் பூசிய துணிகளால் உடனே மூடிக்கொண்டனர். நவாப் சிராஜ்-உத்-தௌலாவின் படையினரிடம் அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. அவர்களுடைய மருந்து நனைந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன. எதிரியின் மருந்தும் நனைந்தே இருக்கும் என்று எண்ணி முன்னேறியவர்களை ஆங்கிலேயரின் பீரங்கிகள் எதிர்கொண்டன. தளபதி மீர் மதன் அப்போரில் வீழ்ந்தார். அந்நாளின் முடிவுக்குத் துரோகமே முதற் காரணம் என்பது சரித்திரம் அறிந்த உண்மை. ஆயினும் மருந்தை மூடிய அத்துணிகளையும் அந்நாளின் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

அக்காலத்து வெடிமருந்து கரிமருந்து ஆகும். நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்ற அளவில் இம்மூன்றையும் நுண்மையாக அரைத்துக் கலந்து அதனைச் செய்தனர். வெடியுப்பு நீரில் எளிதிற் கரைவது. நனைந்த மருந்தை வெயிலில் உலர்த்தினாலும் பழைய வீரியம் திரும்புவதில்லை. கரைந்த உப்பு தனியே படிகமாக உறைந்துவிடுவதால், கரியும் உப்பும் அணுக்கமாகச் சேர்ந்திருந்த நிலை கலைந்துவிடுகிறது. தூய வெடியுப்பு காற்றிலுள்ள ஈரத்தை அதிகமாக இழுப்பதில்லை. கறியுப்பு முதலியவை அதனோடு கலந்திருந்தால் இழுக்கும். சிலி நாட்டில் கிடைக்கும் சோடிய வெடியுப்பு ஈரத்தை மிகுதியாக இழுப்பதால், துப்பாக்கி மருந்துக்கு உதவாமற் போயிற்று. நம் பீகார் மாநிலத்து வெடியுப்பை ஐரோப்பிய வாணிகர் போட்டியிட்டு வாங்கியதற்கு அது பொட்டாசிய உப்பாக இருந்ததும் ஒரு காரணம். கரிமருந்துக்கு நீர் ஒன்றே பகை. உலர்ந்த நிலையில் வைத்திருந்தால் நூறு ஆண்டு கழித்தும் அது வெடிக்கும். கோடை வெயிலால் அதற்குக் கேடு ஏதும் நேர்வதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை முற்றிலும் மாறியது. 1884-இல் பிரெஞ்சு விஞ்ஞானி போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-இல் பிரிட்டனில் பிரெடரிக் ஆபெல், ஜேம்ஸ் டூவர் ஆகிய இருவரும் கார்டைட் என்னும் மருந்தை உருவாக்கினர். கயிறு போன்ற இழைகளாகப் பிழியப்பட்டமையால் அதற்கு அப்பெயர் வந்தது. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்துப் பெறும் நைட்ரோ செல்லுலோஸ் இவ்விரு மருந்துகளுக்கும் அடிப்படை. முதற் கார்டைட்டில் அதனோடு நைட்ரோகிளிசரின் 58 பங்கும், வாசலின் 5 பங்கும் சேர்ந்திருந்தன. புதிய மருந்தின் ஆற்றல் பெரிது. புகையோ மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பகைவன் வெளியில் மட்டும் இல்லை. உள்ளேயும் ஒருவன் இருந்தான்.

மருந்து தன்னைத்தானே தின்னுதல்

நைட்ரோ செல்லுலோஸ் நிலைத்த பொருள் அன்று. செய்த நாள் முதலாகவே அது மிக மெல்லச் சிதைந்துகொண்டிருக்கிறது. அவ்வாறு சிதையும்போது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள் வெளிப்படுகின்றன. அவை ஈரத்தோடு கூடினால் அமிலமாகின்றன. அவ்வமிலம் எஞ்சிய மருந்தை மேலும் விரைவாகச் சிதைக்கிறது. அதனால் மேலும் வாயு பிறக்கிறது. விளைவே காரணமாகித் தன்னைத்தான் வளர்த்துக்கொள்ளும் வினை இது. இச்சிதைவில் வெப்பமும் உண்டாகிறது. சிறிய தோட்டா ஒன்றில் உண்டாகும் வெப்பம் காற்றிற் கலந்து போய்விடும். பெருங் குவியலாக அடுக்கிய மருந்தின் நடுவில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய வெப்பம் சிதைவை முடுக்க, இறுதியில் எவரும் தீயிடாமலே மருந்து பற்றிக்கொள்கிறது.

இது ஏட்டளவில் எழுந்த அச்சம் அன்று. 1907 மார்ச் 12-ஆம் நாள் தூலோன் துறைமுகத்தில், உலர்துறையில் நின்றிருந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் இயேனாவின் மருந்தறைகள் வெடித்தன. சுமார் 120 பேர் இறந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1911 செப்டம்பர் 25-ஆம் நாள், அதே துறைமுகத்தில் லிபெர்த்தே என்ற கப்பல் வெடித்துச் சிதறியது; சுமார் 300 உயிர்கள் பலியாயின. இரண்டு முறையும் பகைவர் எவரும் அருகில் இல்லை. நாட்பட்ட புகையற்ற மருந்தின் சிதைவே காரணம் என்ற முடிவை நோக்கியே ஆராய்ச்சிகள் சென்றன.

இதற்கு மாற்றும் ரசாயனத்திலேயே கிடைத்தது. வெளிப்படும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அவை பிறந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்றை மருந்தோடு கலந்துவிட்டால், அவை மேலும் தீங்கு செய்யா. டைபினைலமின் அத்தகைய பொருள். நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் அதைச் சேர்த்தாலே மருந்தின் ஆயுள் பல ஆண்டுகள் நீளுகிறது. கார்டைட்டின் வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதில் வாசலினைச் சேர்த்தது பீரங்கிக் குழலுக்கு வழவழப்புத் தரும் என்று கருதியே ஆகும். அதற்கு அது பெரிதும் பயன்படவில்லை. ஆனால் அவ்வாசலினே நைட்ரஜன் ஆக்ஸைடுகளை உறிஞ்சி மருந்தைக் காத்து வந்தது என்பது பின்னரே விளங்கியது. பிற்காலத்தில் அதனினும் சிறந்த கார்பமைட் அவ்விடத்தைப் பெற்றது.

ஒன்றை இங்கே மறத்தலாகாது. காப்புப் பொருள் சிதைவை நிறுத்துவதில்லை. சிதைவின் விளைவை விழுங்குகிறது. விழுங்க விழுங்க அதுவும் செலவாகிறது. முழுதும் செலவான நாளில் மருந்து மீண்டும் காப்பின்றி நிற்கிறது. ஆகவே புகையற்ற மருந்தின் ஆயுள் எத்தனை ஆண்டு என்று கேட்பதைவிட, அந்த ஆண்டுகளை அது எந்த வெப்ப நிலையிற் கழித்தது என்று கேட்பதே பொருத்தமாகும்.

ரசாயன வினைகள் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு உயருந்தோறும் ஏறத்தாழ இரு மடங்கு விரைவு பெறுகின்றன என்பது பொது வழக்கு. வெடிமருந்துச் சிதைவில் இவ்வேற்றம் இதனினும் மிகுதியாக இருக்கக்கூடும். இரு மடங்கு என்றே கொண்டு பார்ப்போம். 20 டிகிரியில் இருபது ஆண்டுகள் தாங்கும் மருந்து, இடைவிடாது 50 டிகிரியில் இருந்தால் எட்டு மடங்கு விரைவாகச் சிதைந்து, இரண்டரை ஆண்டிலேயே அந்நிலையை எட்டிவிடும். இது விளக்கத்திற்காக இட்ட கணக்கே ஆயினும், ஐரோப்பிய மருந்துகள் இந்தியாவுக்கு வந்தபோது நேர்ந்த தொல்லையின் சாரம் இதில் அடங்கியிருக்கிறது. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19-ஆம் நாள் நிழலில் அளந்த வெப்பமே 51 டிகிரி. வெயிலில் நிற்கும் லாரியிலோ, தகரக் கூரையின் கீழோ, மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெப்பம் 70 டிகிரியை எட்டக்கூடும். இந்தியாவின் கார்டைட் தொழிற்சாலை நீலகிரி மலையில், ஏறத்தாழ 6000 அடி உயரத்தில், அருவங்காட்டில் அமைந்திருப்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அங்கு மருந்து பிறப்பது குளிரில். அது வாழவேண்டியதோ பெரும்பாலும் சமவெளியின் வெயிலிலும் பாலைவனத்திலும் ஆகும்.

வெப்பம் நாட்பட்ட சிதைவை மட்டும் உண்டாக்குவதன்று. சுடும் கணத்திலும் அதன் விளைவு தெரியும். சூடேறிய மருந்து விரைந்து எரிகிறது. குழலுக்குள் அழுத்தம் உயர்கிறது. குண்டின் வேகம் மிகுந்து, குறித்த இலக்குக்கு அப்பால் விழுகிறது. குளிர்ந்த மருந்தாயின் குண்டு இலக்குக்கு முன்னரே விழும். இதனாற்றான் பீரங்கிப் படையினர் காற்றையும் தூரத்தையும் கணக்கிடுவதோடு மருந்தின் வெப்ப நிலையையும் அளந்து கணக்கிற் சேர்க்கின்றனர். ஒரே பீரங்கிக்கு உரிய மருந்துப் பெட்டிகளில் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் இருக்க விட்டால், எத்தனை நுட்பமாகக் குறி வைத்தும் பயன் இல்லை.

ஈரம் புகும் வழி

நன்றாக மூடிய பெட்டிக்குள் ஈரம் எவ்வாறு புகுகிறது என்று பலர் வியப்பர். பெட்டி மூச்சு விடுகிறது என்பதே விடை. பகலில் உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து, இடுக்கு வழியே சிறிது வெளியேறுகிறது. இரவில் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளியிலிருந்து ஈரக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. விடியற்காலையில் அவ்வீரம் உலோகத்தின் மேல் பனியாகப் படிகிறது. நூறு பகல்களும் நூறு இரவுகளும் இவ்வாறு நிகழ்ந்தால், மழைத்துளி ஒன்றும் படாத பெட்டியின் அடியில் நீர் தேங்கியிருக்கக் காணலாம்.

உந்து மருந்து சிறிது ஈரத்தை ஏற்றால் மந்தமாக எரியும். இயல்பான ஈரத்தையும் இழந்து மிகையாக உலர்ந்தால் கடுமையாக எரியும். தோட்டாவின் அடியிலுள்ள கேப்பு என்னும் சிறு தீமூட்டியில் ஈரமோ எண்ணெயோ கசிந்தால் அது மங்கிவிடும். துரு பிடியாதிருக்கத் தோட்டாக்களுக்கு எண்ணெய் பூசும் பழக்கம் நல்லெண்ணத்தில் எழுந்ததாயினும் தீங்கானதே. கேப்பைச் சுற்றியும், உறையின் வாயில் குண்டு பொருந்தும் இடத்திலும் மெருகெண்ணெயோ கீலோ பூசி அடைப்பது இவ்விரண்டையும் தடுப்பதற்கே ஆகும்.

விசையை அழுத்தியும் தோட்டா வெடியாமற் போவது போர்க்களத்தில் கொடிது. ஆயினும் அதனினும் கொடியன இரண்டு உண்டு. ஒன்று, ஈரம்பட்ட மருந்து சில கணங்கள் தாமதித்து வெடிப்பது. வெடிக்கவில்லை என்று எண்ணி அவசரமாகத் துப்பாக்கியைத் திறக்கும் வீரன் முகத்தெதிரே அது வெடிக்கும். மற்றொன்று, மருந்து அரைகுறையாக எரிந்து குண்டு குழலின் நடுவிலேயே தங்கிவிடுவது. அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே பிளந்துவிடும். கேடுற்ற வெடிமருந்து பகைவனைக் காப்பாற்றுவதோடு நில்லாமல், அதனைக் கையாள்பவனையே தாக்குகிறது.

குதிரை லாயத்தில் ஒரு புதிர்

ஈரமும் உலோகமும் சேர்ந்து செய்யும் தீங்குகளில் மிகவும் புகழ் பெற்றது இந்திய நாட்டில் கண்டறியப்பட்டதே ஆகும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மழைக்காலம் வந்தால் இராணுவ நடவடிக்கைகள் குறைந்துவிடும். தோட்டாக்களை மழை நனைக்காத இடமாகப் பார்த்துக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பர். மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தால், பித்தளை உறைகள் பலவற்றில் நீளவாக்கில் பிளவுகள் காணப்படும். குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பகுதியிலே அவை மிகுதி. அவற்றை எவரும் கீழே போடவில்லை, அடிக்கவும் இல்லை. ஆண்டுதோறும் மழைப் பருவத்தை ஒட்டியே இது நிகழ்ந்தமையால் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டனர்.

புதிருக்கு விடை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரின் ஆராய்ச்சியில் கிடைத்தது. தோட்டாவின் உறை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அதனை மீண்டும் மீண்டும் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீட்டிக் குழாயாக்குவர். இவ்வாறு இழுக்கப்பட்ட உலோகத்துக்குள், முறுக்கிக் கட்டிய கயிற்றைப் போல, ஓர் இறுக்கம் எஞ்சி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அவ்விறுக்கம் தனித்து நின்று உறையைப் பிளப்பதில்லை. லாயத்தில் குதிரையின் சிறுநீர் சிதைந்து அம்மோனியா வாயு எழுகிறது. ஈரக் காற்றிற் கலந்த அவ்வாயு பித்தளையின் நுண்ணிய மணிகளுக்கு இடையேயுள்ள எல்லைகளை அரிக்கிறது. அரிப்புத் தொடங்கிய இடத்தில் உள்ளிறுக்கம் வேலை செய்து, பிளவை ஆழப்படுத்துகிறது. அம்மோனியா மட்டும் இருந்தாலும், இறுக்கம் மட்டும் இருந்தாலும் இக்கேடு இவ்வாறு நேர்ந்திராது. மழையிலிருந்து காப்பதற்கென்று தேர்ந்த இடமே உறைகளைப் பிளந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை.

காரணம் தெரிந்ததும் பரிகாரம் எளிதாயிற்று. உறையைச் செய்து முடித்தபின் 250 முதல் 300 டிகிரி வரை சிறிது நேரம் சூடாக்கினால், உலோகத்தின் வலிமை குன்றாமலே உள்ளிறுக்கம் தளர்ந்துவிடுகிறது. கழுத்துப் பகுதிக்குத் தனியே தீக்காட்டுவதும் உண்டு. இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தோன்றும் கறை அத்தீயின் அடையாளமே. அது அழுக்கு அன்று. ஒரு தொகுதி உறைகளில் இறுக்கம் எஞ்சியுள்ளதா என்பதைப் பாதரச நைட்ரேட் கரைசலில் அமிழ்த்திக் கண்டறிந்தனர். இறுக்கமுள்ள உறை அதில் விரைவிலேயே பிளந்துவிடும். வீட்டுப் பித்தளைப் பாத்திரம் அடியின்றியே கீறல் விடுவதற்கும் சில வேளைகளில் இதுவே காரணம்.

கேப்புகளின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. அவற்றிற் பல்லாண்டுகள் பயன்பட்டு வந்த பாதரச ஃபல்மினேட் வெப்ப நாடுகளின் கிடங்குகளில் விரைவாக வீரியம் இழந்தது. பின்னர் அதன் இடத்தை ஈய ஸ்டிப்னேட் போன்ற நிலைத்த பொருள்கள் பெற்றன. ஈய அசைடு என்னும் பொருளில் ஈரம் புகுந்தால் எழும் ஆவி, செம்போடு கூடிச் செப்பு அசைடாகிறது. இது தொட்டால் வெடிக்கும் தன்மையது. எனவே ஈய அசைடைச் செம்புக் குழாய்களில் அடைக்காது அலுமினியத்தில் அடைப்பர்.

பீரங்கிக் குண்டுகளிலும் கண்ணிவெடிகளிலும் நிரப்பப்படும் டி.என்.டி. ரசாயன முறையில் மிகவும் நிலைத்த பொருள். அது 80 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். ஆனால் தூய்மை குறைந்த டி.என்.டி.யில் கலந்துள்ள பிற நைட்ரோ பொருள்கள் அதனோடு சேர்ந்து, மிகக் குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய் போன்ற திரவமாகின்றன. கோடைதோறும் அத்திரவம் மரைகளின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து வெளிவருகிறது. மரைகளுக்கு இடையே படிந்த அக்கசிவு உராய்வாலும் வெடிக்கக்கூடும். 2016 மே 31-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலத்துப் புல்காவ் கிடங்கில் நேர்ந்த பெருந்தீயில் இராணுவத்தினரும் தீயணைப்பு வீரரும் பலர் உயிரிழந்தனர். அங்கிருந்த டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளில் டி.என்.டி. கசிந்திருந்ததே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. குறைபாடுள்ள பொருளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் காத்திருப்பது சிக்கனம் ஆகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கிடங்கும் பரிசோதனையும்

கிடங்கின் மேல் மண் மூடுவது, வெடி நேர்ந்தால் அண்டையிலுள்ளவற்றைக் காப்பதற்கு மட்டும் அன்று. பகலின் சூடும் இரவின் குளிரும் மண்ணில் சில அடிகளுக்குக் கீழே எட்டுவதில்லை. ஆகவே உள்ளிருக்கும் பெட்டிகள் மூச்சு விடுவதும் பெரிதும் குறைகிறது. காற்றோட்டம் நல்லது என்று கருதி மழைக்காலத்தில் கிடங்குக் கதவைத் திறந்து வைப்பவர் தீங்கே செய்கின்றனர். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர்த்துளிகள் அரும்புவது போல, வெளியிலுள்ள வெம்மையான ஈரக் காற்று உள்ளே குளிர்ந்திருக்கும் குண்டுகளின்மேல் பட்டு நீராகிறது. ஈரமானியைப் பார்த்து, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் வேளையில் மட்டுமே கதவைத் திறத்தல் வேண்டும். பெட்டிகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குவதும், பழைய தொகுதியை முதலில் வழங்குவதும் எங்கும் பின்பற்றப்படும் முறைகள். ஒரே நாளில் ஒரே கலவையிலிருந்து செய்தவற்றை ஒரு தொகுதியாகக் கொண்டு எண்ணிட்டு, அது எந்தக் கிடங்கில் எத்தனை கோடைகளைக் கழித்தது என்பதை ஏட்டில் பதிந்து வருதல் வேண்டும். அந்த ஏடு தவறினால் ஆய்வுக்கூடத்தால் அதிகமாக உதவ முடியாது.

தொகுதியின் நிலையை அறியும் பரிசோதனைகளில் பழமையானது ஆபெல் கண்ட வெப்பப் பரிசோதனை. மருந்தின் சிறு மாதிரியைச் சோதனைக் குழாயில் இட்டு, அதன் மேல் பொட்டாசியம் அயோடைடும் கஞ்சியும் தோய்த்த காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, குறித்த அளவு சூடான நீரில் குழாயை நிறுத்துவர். வெளிப்படும் நைட்ரஜன் ஆக்ஸைடு காகிதத்தில் கறையை உண்டாக்கும். கறை தோன்ற எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே மருந்தின் நலத்துக்கு அளவு. இதன் குறை யாதெனில், மாதிரியில் தற்செயலாக ஒட்டியுள்ள வேறு பொருள்கள் அளவை எளிதில் மாற்றிவிடும். எனவே இக்காலத்தில் காப்புப் பொருள் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையே கருவிகளால் நேராக அளந்து, ஆண்டுகளின் வரிசையில் அது குறைந்து வரும் போக்கைக் கொண்டு முடிவு செய்கின்றனர்.

காப்புப் பொருள் எல்லைக்குக் கீழே குறைந்த மருந்து வழங்குதலினின்று நீக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. அழிக்கும் நாள் வரை அதனைக் குவித்து வைப்பது அபாயம் ஆதலால், அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பதும் உண்டு. நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அமிலத்தையும் கரைத்துவிடுவதால் மருந்து தானே தீப்பற்றுவதில்லை. தொழிற்சாலைகளில் நைட்ரோ செல்லுலோஸை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும்போதும் உலர விடாமல் நனைத்தே கொண்டு செல்கின்றனர்.